காலைச் சோறு எந்த வயலிலிருந்து வருகிறது?

அம்பாறை மாவட்டத்தின் காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வீதியில் இறங்கினால் இருபக்கமும் வயல். மறுபக்கம் திரும்பி நடந்தால் கரைவலை இழுக்கும் கடல். நடுவிலுள்ள பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசு காலையில் சோறு கொடுக்கிறது. அந்தச் சோற்றோடு வரும் பருப்பு அவுஸ்திரேலியாவிலோ கனடாவிலோ விளைந்தது. அரிசி பெரும்பாலும் தூரத்துப் பெரிய ஆலையின் பையில் வந்தது. கரட்டும் கிழங்கும் மலைநாட்டில் ஏற்றப்பட்டு, மொத்தச் சந்தைகளில் கைமாறிக் கல்முனைக்கு வந்தவை. ஊருடையது என்று சொல்ல மிஞ்சுவது தேங்காயும் கறிவேப்பிலையும், விடியமுன் எழுந்து சமைத்த பெண்ணின் கைவேலையும்தான்.

பிள்ளையின் பசி தீர்வதுதான் முதற் காரியம். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் இந்தத் திட்டத்துக்காகப் பாடசாலை நாள் ஒவ்வொன்றிலும் செலவாகும் பொதுப்பணம், வேலிக்கு அப்பால் நெல்லும் கத்தரியும் பயிரிடுகிறவரைத் தொடாமலே ஊரைக் கடந்து போவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் பொதுவாகச் சொல்லப்படுவது போல உற்பத்திப் பற்றாக்குறை அல்ல என்பது என் முடிவு.

திட்டத்தின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்கு முன்பு ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்கு அரசு கொடுத்தது 30 ரூபா. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. தொகை 60 ஆகி, 85 ஆகி, பின்பு 110 ரூபாவானது. 2024 மார்ச்சிலிருந்து தரம் 1 முதல் 5 வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு என்று திட்டம் விரிந்தது. ஏறத்தாழ 16 இலட்சம் பிள்ளைகள். 16 இலட்சத்தை 110ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 17 கோடி 60 இலட்சம் ரூபா. நெல்லுக்கும் முட்டைக்கும் மரக்கறிக்கும் இவ்வளவு உறுதியாக, இவ்வளவு முன்கூட்டியே தெரிந்த வேறொரு கொள்வனவு இந்த நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

இலங்கையில் பாடசாலை உணவின் பழைய அத்தியாயங்களைப் புரட்டினால் அநேகமாகப் பிறநாட்டு வயல்களின் வாசனைதான் வரும். பால்மாவும் அமெரிக்க மாவில் சுட்ட விசுக்கோத்தும் ‘கெயார்’ நிறுவனத்தின் வழியாக வந்தன. அந்த விசுக்கோத்தின் ருசியை இன்றும் சொல்லும் தலைமுறை ஒன்று உயிரோடிருக்கிறது. 1989இல் பிரேமதாச அரசு பகலுணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1990களின் நடுவில் அது நின்றுபோனது. பின்னர் போர் தின்ற பகுதிகளில் உலக உணவுத் திட்டம் அரிசி, பருப்பு, எண்ணெய், தகர மீன் என்று பாடசாலைக்குக் கொடுத்தது. பசித்த பிள்ளைக்கு வந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் அமெரிக்கா 1946இல் தன் தேசியப் பாடசாலை மதிய உணவுச் சட்டத்தை இயற்றியபோது, பிள்ளைகளின் நலனோடு உள்நாட்டு விளைபொருளின் நுகர்வைப் பெருக்குவதையும் சட்டத்தின் நோக்கமாகவே எழுதிக்கொண்டது. அவர்களுடைய பாடசாலை உணவு அவர்களுடைய கமத்துக்குச் சந்தை. மிச்சம் நமக்கு வந்தது. யப்பானிலும் போருக்குப் பிந்திய பாடசாலைத் தட்டில் அமெரிக்கக் கோதுமையில் செய்த பாண் இருந்தது. நெல் விளையும் அந்த நாட்டில் சோறு முறைப்படி பாடசாலை உணவுக்குள் நுழைய 1976 வரை ஆனது. அதற்குப் பிறகும் அவர்கள் நிற்கவில்லை. 2005இல் உணவுக் கல்விக்கென்று ஒரு அடிப்படைச் சட்டம் இயற்றி, பாடசாலை உணவில் அந்தந்தப் பகுதி விளைபொருளின் பங்கை 30 சதவீதத்துக்கு உயர்த்துவது என்று அடுத்த ஆண்டே இலக்கு வைத்தார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1973இல் தொடங்கிய திரிபோஷ என்ற சத்துமா முதலில் அமெரிக்கத் தானியத்தில் ஓடியது. பிற்பாடு உள்நாட்டுச் சோளத்துக்கும் சோயாவுக்கும் மாறி, சோளன் செய்கிறவர்களுக்கு ஒரு நிலையான கொள்வனவாளர் ஆனது. அந்தக் கண்ணி எவ்வளவு இறுக்கமானது என்பதை 2021 காட்டியது. இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கியும் பெரும்போகம் தப்பவில்லை. 2022இன் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வீழ்ந்தது. சோளனும் வீழ்ந்தது. சோளன் இல்லாமல் திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டது, கோழித்தீன் விலை ஏறியது, பண்ணைகள் மூடுண்டன, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்க வேண்டி வந்தது. அந்த மாதங்களில் பாடசாலைத் தட்டிலிருந்து முதலில் காணாமற்போனது முட்டை. வயலுக்கும் வகுப்பறைக்கும் இடையில் தொடர்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது ஏற்கனவே இருக்கிறது, கெடுதலை மட்டும் கடத்திக்கொண்டு.

சரி, நன்மையைக் கடத்தினால் எவ்வளவு கடத்தும்? இங்கேதான் பேச்சுகள் பெரிதாகி கணக்கு சிறிதாகிவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு 75 கிராம் அரிசி, ஆண்டில் 180 பாடசாலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 300 பிள்ளைகளுள்ள ஆரம்பப் பிரிவுக்கு நாளொன்றுக்கு 22.5 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 4 தொன் அரிசி. அதைக் குற்ற 6 தொன்னுக்குச் சற்று மேற்பட்ட நெல் போதும். கல்லோயாத் தண்ணீர் பாயும் காணியில் அது மூன்று ஏக்கரின் ஒருபோக விளைச்சல். நாடு முழுவதற்கும் அதே கணக்கைப் போட்டால் ஆண்டுக்கு 33 ஆயிரம் தொன் நெல். நாட்டின் விளைச்சலோ வழமையான ஆண்டில் 40 இலட்சம் தொன்னுக்கு மேல். நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே பாடசாலை உணவு நெல் விலையைத் தூக்கி நிறுத்தும் என்று கமக்காரருக்கு யாராவது வாக்குக் கொடுத்தால் அது பொய் வாக்கு. சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ ஒரு சிறிய ஆலைக்கு, பெரிய பெயர்களோடு போட்டியிட முடியாமல் வாரத்தில் பாதி நாள் நிற்கும் ஆலைக்கு, பத்துப் பாடசாலையின் 40 தொன் அரிசி நிலையான வேலையாகும். அரிசியைப் பொறுத்தவரை எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவே.

முட்டைக்கு வந்தால் கணக்கின் முகமே மாறுகிறது. அதே 300 பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முட்டை என்றால் 600 முட்டை. நல்ல இனக் கோழி வாரத்துக்கு ஐந்தாறு இடும். ஆக 110 அல்லது 120 கோழி. பத்து வீடுகளில் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் பத்துப் பெண்களுக்கு ஒவ்வொரு வாரமும் வரும் வருமானம். கீரையும் அப்படித்தான். பிள்ளைக்கு 25 கிராம் என்றால் நாளுக்கு ஏழரைக் கிலோ பொன்னாங்கண்ணி, வல்லாரை, முருங்கையிலை. மொத்தச் சந்தைக்கு இது தூசு. ஒரு வளவுக்காரிக்கு இது சந்தை.

வளவு என்று சொல்லும்போது இந்தக் கரைக்கே உரிய ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புத் தேசத்தின் தாய்வழி மரபில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடும் வளவும் பெண்ணுக்கே சீதனமாகப் போகின்றன. வயல் கணக்கு ஆண்களிடம். நெல் விற்ற காசு உரக்கடைக்கும் உழவு மெசினுக்கும் குத்தகைக்கும் பிரிந்து போகும். முட்டை விற்ற காசு, கீரை விற்ற காசு பெண்ணின் முந்தானையில் நிற்கும். பாடசாலை உணவால் இங்கே யாருக்கு வருமானம் பெருகும் என்று கேட்டால், வயலைவிட வளவுக்குத்தான் என்பேன். சாய்ந்தமருது, கல்முனைக்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் சுனாமிக்குப் பிந்திய சிறிய காணித்துண்டுகளில் கோழிக்கூட்டுக்குக்கூட இடமில்லை என்பதும் உண்மை. அவர்களுக்குக் காரைதீவும் மாவடிப்பள்ளியும் சம்மாந்துறையும் விற்கலாம். மகாஓயா, பதியத்தலாவைப் பக்கத்துச் சிங்களக் கமக்காரரின் சோளன் இந்தக் கோழிகளுக்குத் தீனாகலாம். ஒரே மாவட்டத்தின் மூன்று சமூகங்கள் ஒரு முட்டையில் சந்திப்பதற்கு இயற்கை எந்தத் தடையும் வைக்கவில்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. காரைதீவில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அறுபது பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கிறார். நாலு மணிக்கு எழும்பி, தேங்காய் துருவி, அரிசி களைந்து, ஆறரைக்கு முன் பாத்திரத்தை முச்சக்கரவண்டியில் ஏற்றிவிட வேண்டும். அவருடைய அடுப்படியில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி. பலசரக்குக் கடைப் பற்றுக் கணக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய், நெத்தலிக் கருவாடு, கிழங்கு எல்லாம் திகதி போட்டு எழுதி, மாத முடிவில் கூட்டப்படாமலே அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கின்றன. ஊர்க் கத்தரிக்காய் ஏன் இல்லை என்று கேட்டேன். “கடைக்காரர் கொப்பியில எழுதுவார் தம்பி. காசு வாற நேரம் குடுத்தாச் சரி. தோட்டக்காரன் அண்டைக்கே காசு எண்டு நிப்பான். அவன்ட வீட்டயும் அடுப்பு எரியத்தானே வேணும்” என்றார்.

இந்தக் காரணத்தை எந்த ஆய்வறிக்கையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடப் போவதில்லை. அறுபது பிள்ளைகள், 110 ரூபா, ஒரு நாளைக்கு 6,600. மாதம் இருபது நாளென்றால் 1,32,000. பாடசாலை பில்லை அனுப்பி, வலயக் கல்வி அலுவலகம் சரிபார்த்து, ஒதுக்கீடு இறங்கிக் காசு கைக்கு வர இரண்டு மாதம் தாமதித்தால், அவர் அரசுக்கு வட்டியில்லாமல் 2,64,000 ரூபா கடன் கொடுத்தவராகிறார். வாழ்நாளில் அவ்வளவு காசை ஒன்றாகப் பார்த்திராத ஒரு பெண். அவர் கொடுக்க முடியாத கடனைக் கடைக்காரர் கொடுக்கிறார். கடைக்காரருக்கு மொத்த வியாபாரி. மொத்த வியாபாரிக்குப் பெரிய ஆலையும் இறக்குமதியாளரும். கடன் எந்த வழியாக இறங்கி வருகிறதோ அந்த வழியாகத்தான் பொருளும் வருகிறது. கமக்காரரோ தாமே கடனாளி. உரத்துக்கும் களைநாசினிக்கும் பட்ட கடனுக்காக, வெட்டு மெசினிலிருந்து கொட்டிய ஈர நெல்லை வட்டையிலேயே வைத்து விற்கிறவர். கிழக்கில் அறுவடை முந்திவிடும். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல் 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா என்று அரசு உத்தரவாத விலை அறிவித்தபோது இங்கே களத்துமேட்டில் விலை பேசி முடித்தவர்கள் இருந்தார்கள். அந்த மனிதரிடம் போய் இரண்டு மாதம் பொறுத்துக் காசு வாங்கு என்று எப்படிச் சொல்வது?

இந்த முடிச்சு நமக்கு மட்டும் விழுந்ததல்ல. கானா 2005இல் தன் பாடசாலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பொருட்களில் 80 சதவீதம் உள்ளூரிலேயே வாங்கப்பட வேண்டும் என்று குறித்தது. அங்கும் நம்மைப் போலவே தனிப் பெண்கள் ஒப்பந்தத்துக்குச் சமைக்கிறார்கள், அங்கும் கொடுப்பனவு மாதக்கணக்கில் பிந்தியது. அவர்களும் கடன் கொடுக்கக்கூடிய வியாபாரிகளிடமே போனார்கள். பிள்ளைகளுக்குப் பலன் கிட்டியது. சிறு கமக்காரரின் வருமானத்தில் எதிர்பார்த்த உயர்வு வரவில்லை. நோக்கம் நல்லது, இலக்கு எழுத்தில் இருக்கிறது, காசு மட்டும் நேரத்துக்கு வரவில்லை. அது ஒன்று போதும், எல்லாம் பழைய வழிக்குத் திரும்புவதற்கு.

பிரேசில் வேறு வழியில் போனது. 2009ஆம் ஆண்டு 11,947ஆம் இலக்கச் சட்டம், பாடசாலை உணவுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் ஆகக் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்பக் கமக்காரரிடமிருந்து வாங்கக் கட்டளையிட்டது. சட்டத்தின் உயிர் அந்த 30 என்ற எண்ணில் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறைந்த விலை கேட்டவருக்கே கொடுக்கும் கேள்விப்பத்திர முறையை அவர்கள் இந்தப் பங்குக்கு விலக்கிவைத்தார்கள். எந்தப் பொருள், எவ்வளவு, எப்போது, என்ன விலைக்கு என்பதை முன்கூட்டியே பொது அழைப்பில் அறிவிக்கிறார்கள். விதைக்குமுன் விலை தெரிகிறது. அதோடு வாங்குவதும் பணம் கொடுப்பதும் நகராட்சி, மாநில அரசு போன்ற பொது நிறுவனங்களின் வேலை, சமைக்கிறவரின் தலையில் இல்லை.

தமிழ்நாட்டின் அனுபவத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1956இல் காமராசர் பெருக்கிய மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கதை உலகறிந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று அரசே ஊதியம் கொடுத்து ஆள் வைத்தது. அரிசியும் பருப்பும் அரசுக் கிடங்கிலிருந்து வந்தன. அதனால் சமைக்கிற பெண் யாருக்கும் கடன்படவில்லை. இதில் நாம் அவர்களிடம் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் முட்டையை மாநில அளவிலான ஒப்பந்தத்தில் வாங்கியதால் பயன் பெரும்பாலும் நாமக்கல் பண்ணைகளுக்குப் போனது. ஒரு வட்டாரத்தின் கோழித்தொழில் வளர்வதற்கு அது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஒவ்வொரு ஊரின் கோழிக்கூட்டுக்கும் அந்தக் காசு போகவில்லை என்பதும் உண்மை. 2022 செப்டெம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைச் சமையலுக்கு வைத்திருக்கிறது. குழுவாக இருப்பதில் ஒரு பலம் உண்டு, தனிப் பெண் தாங்காத தாமதத்தைக் குழு கொஞ்சம் தாங்கும்.

இலங்கையில் உலக உணவுத் திட்டம் அண்மைக் காலத்தில் சில மாவட்டங்களில் சமைக்கும் தாய்மாருக்கே கோழிக் குஞ்சும் கூடும் வீட்டுத்தோட்டத்துக்கான உதவியும் கொடுத்துப் பார்த்தது. இது எளிமையான, கெட்டிக்கார யோசனை. விளைவிக்கிறவரும் சமைக்கிறவரும் ஒருவரேயானால் நடுவில் கடனே இல்லை. தன் கோழியின் முட்டைக்குத் தானே தவணை சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பாரத்தையும் திரும்பவும் அதே பெண்ணின் தோளில் வைப்பதாகவும் இது ஆகிவிடலாம். நாலு மணிக்கு எழும்புகிறவர் கோழிக்கும் தண்ணீர் வைத்து, பாத்திக்கும் இறைக்க வேண்டும்.

உள்ளூரில் வாங்குவதென்றால் உணவுப் பட்டியல் இந்தக் கரையின் காலத்தோடு நடக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் மரக்கறித் தோட்டம் அழுகும், கடல் கொந்தளிக்கும். அப்போது கத்தரியும் மீனும் கேட்பது வீண். பூசணி, உலர்த்திய நெத்தலி, பயறு, கௌபி என்று இருப்பு நிற்கும் பொருட்களின் காலம் அது. மாசி, பங்குனியில் புது நெல். சித்திரைக்குப் பின் கடல் அடங்கிக் கரைவலையில் சூடையும் நெத்தலியும் விழும் மாதங்கள். முஸ்லிம் பாடசாலைகள் றமழானில் விடுமுறை விடுகின்றன; தமிழ்ப் பாடசாலைகள் அப்போது நடக்கின்றன. இந்த ஆண்டுகளில் றமழான் பெரும்போக அறுவடையை ஒட்டி வருகிறது. காரைதீவுத் தமிழ்ப் பாடசாலையும் மாளிகைக்காட்டு முஸ்லிம் பாடசாலையும் ஒரே கோழிக்காரியிடம் வாங்கினால், ஒன்று மூடியிருக்கும்போது மற்றது வாங்கும். முட்டை தேங்காது. கொழும்பில் தயாராகும் பொதுப்பட்டியலுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. போசாக்கின் அளவைச் சுகாதார அமைச்சு நிர்ணயிக்கட்டும், பொருளைக் கல்வி வலயம் தெரிவு செய்யட்டும்.

பருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மைசூர்ப் பருப்பு நம் நாட்டில் விளைவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் கௌபி விளைகிறது, பயறும் விளைகிறது. சிறுபோகம் முடிந்து பெரும்போக உழவு தொடங்குமுன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் ஈரம் உள்ள வயலில் பயறு எடுக்கலாம், மண்ணுக்கும் நல்லது. விலை பருப்பைவிடக் கூட என்பதுதான் இடர். வாரத்தில் ஐந்து நாளும் மாற்றச் சொல்லவில்லை. ஒரு நாள் அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும், ஒரு நாள் பயறுச் சோறு. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவை புதிய உணவல்ல.

எதிர்ப்பக்கத்து நியாயங்களையும் ஒதுக்கிவிட முடியாது. ஊரில் வாங்கினால் தரம் யார் பார்ப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்பார்; சரியான கேள்வி. சமைக்கும் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்பதிலேயே அரசியல்வாதியின் சிபாரிசு நுழையும்போது, விற்கும் உரிமையிலும் நுழையும். ‘உள்ளூர்’ என்ற பெயரில் உள்ளூர்த் தரகரே பணத்தை விழுங்கவும் கூடும். இவை அனைத்துக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கணக்கை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதும் ஓரளவு மருந்து, முழு மருந்தல்ல. ஆனால் தாமதமான கொடுப்பனவை அப்படியே விட்டுவிட்டு இவற்றைப் பேசிக்கொண்டிருப்பது வீண் வேலை. மாதத் தொடக்கத்தில் பாதித் தொகையை முற்பணமாகக் கொடுத்து, மாத முடிவில் கணக்குத் தீர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. முற்பணத்தைத் தனியாருக்குக் கொடுக்க நிதிப்பிரமாணம் இடந்தராவிட்டால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்ட கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன. சுழல்நிதியொன்றை அவற்றிடம் வைத்தால், தோட்டக்காரருக்கு அன்றே காசு, சங்கத்துக்கு அரசு பிந்திக் கொடுக்கட்டும். தாமதத்தைத் தாங்க வேண்டியவர் யார் என்பதை மாற்றினாலே பொருள் வரும் வழியும் மாறும்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், வங்கி, காப்புறுதி, உரம், வட்டவிதானைமார், கமக்காரர் பிரதிநிதிகள் எல்லாரும் வந்து, எப்போது தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, கட்டாக்காலி மாட்டை எப்போது அப்புறப்படுத்துவது என்று தீர்மானிக்கிறார்கள். கல்வித் திணைக்களத்துக்கு அங்கே வேலையில்லை என்பதே வழமை. அடுத்த பெரும்போகக் கூட்டத்துக்கு வலயக் கல்விப் பணிப்பாளரையும் அழைக்க வேண்டும். தரம் 1 முதல் 5 வரை எத்தனை பிள்ளை, ஆண்டில் எத்தனை நாள், எத்தனை கிலோ சிவப்பரிசி, எத்தனை முட்டை, எத்தனை கிலோ கௌபி, எந்த மாதத்தில், என்ன விலைக்கு, காசு எத்தனையாம் திகதி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். எந்த வியாபாரியிடமும் இல்லாத இந்தத் தகவல் முழுவதும் அவருடைய அலுவலகத்தின் இடாப்புகளில் ஏற்கனவே இருக்கிறது.